ஊசி படாத கோடு

…ஊதா, கறுப்பு இல்லை, ஊதாதான், இத்தனை வருஷமாகச் சலவைக்கடையில் கறை எடுக்கிறவளுக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடுமா, பக்கத்து நாற்காலித் தாடிக்காரரின் கையிலிருந்து டாட்டூக்காரர் அந்த ஈரக் காகிதத்தை மெதுவாக உரிக்கிறார், உரித்த இடத்தில் ஒரு சிங்கம், பிடரி, பல், மீசை எல்லாம் கோடு கோடாக, ஊதா நிறத்தில். ஊசியை இன்னும் பொட்டலத்திலிருந்தே பிரிக்கவில்லை. அதற்குள் சிங்கம் வந்துவிட்டது. எனக்கும் போன மாதம் இப்படித்தான் காகிதம் வைத்து எடுத்திருப்பார், தோள்பட்டைக்குப் பின்னால் என்பதால் நான் பார்க்கவில்லை, "கண்ணாடி காட்டறேன், இடம் சரியா இருக்கா பாருங்க" என்றார், நான்தான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "வேணாம், போடுங்க, பார்த்தா எந்திரிச்சு ஓடிடுவேன்" என்றேன். அதனால் இந்த ஊதாவை என் உடம்பில் நான் பார்த்ததே இல்லை. ஆனால் வேறெங்கோ பார்த்திருக்கிறேன்… எங்கே? இவ்வளவு பழகின நிறமாக இருக்கிறதே, எங்கே?

தாடிக்காரர் சிங்கத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார், "ஒரு நிமிஷம், வீட்டுக்காரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்" என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் தலையாட்டுவது தெரிந்தது, முதலில் பக்கவாட்டில், அப்புறம் மேலும் கீழுமாக, அப்புறம் ஆட்டமே இல்லை. திரும்பி வந்து உட்காரவில்லை. "இன்னொரு நாள் பார்க்கலாம் சார்." டாட்டூக்காரர் கோபப்படவில்லை, பஞ்சில் ஸ்பிரிட்டை ஊற்றி ஒரே துடைப்பு, சிங்கம் பஞ்சுக்குப் போய்விட்டது. அவர் வெளியேறிய பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "காட்டுல ராஜா, வீட்டுல கூஜா. நிறைய பேர் இப்படித்தாங்க, அச்சு வச்சதும் போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பிட்டு, ஊசியப் பார்த்ததும் கிளம்பிடுவாங்க." நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அந்த ஊதா எங்கே பார்த்தது என்று ஞாபகம் வந்துவிட்டது. வாய் சிரித்தபடியே நின்றுவிட்டது, மூட மறந்துவிட்டேன்.

அக்காவின் கை. அக்கா போனில் அனுப்பிய படம்.

இல்லை, இருக்காது, அக்கா அப்படிச் செய்ய மாட்டாள், யோசனையே அவளுடையதுதானே. "ஒவ்வொரு வருஷமும் வரேன் வரேன்ங்கற, கடைசி நேரத்துல ஏதாவது சாக்கு. இந்தத் தடவை அழியாத மாதிரி ஒரு சத்தியம் பண்ணிக்கலாம்டி. நீ அங்க குத்திக்கோ, நான் இங்க குத்திக்கறேன். அப்புறம் உன்னால மாத்த முடியாது பாரு." எதைக் குத்துவது என்று யோசிக்கவே இல்லை இருவரும், ஒரே மூச்சில் தாழ்ப்பாள் என்றோம், சின்ன வயதில் எங்கள் அறைக் கதவில் இருந்த அந்த இரும்புத் தாழ்ப்பாள். அப்பா தள்ளாடிக்கொண்டு வரும் சத்தம் வாசலில் கேட்டதும் அக்கா என்னை அறைக்குள் இழுத்துக்கொள்வாள், தாழ்ப்பாள் கதவின் உச்சியில், எனக்கு எட்டவே எட்டாது, அவள் மட்டும் கால்விரலில் எம்பி, நாக்கைக் கடித்துக்கொண்டு, டக். அந்த டக் கேட்டால் போதும், எனக்குத் தூக்கம் வந்துவிடும். வெளியே பாத்திரம் பறக்கும், அம்மா அழுவாள், எனக்குத் தூக்கம் வந்துவிடும். அதைத்தான் தோளில் குத்திக்கொண்டேன். அதை நம்பித்தான் வேலைக்கு முழுக்குப் போட்டேன், அறையைக் காலி செய்தேன், துணிமணியெல்லாம் இந்தப் பெட்டிக்குள், பெட்டி இதோ என் காலடியில், சாயங்காலம் ரயில். அக்கா ஊரில் நாங்கள் இருவரும் சேர்ந்து சலவைக்கடை போடப்போகிறோம். வெளிறிய ஒரு இடத்தை மட்டும் சரிசெய்துகொண்டு அப்படியே ஸ்டேஷனுக்குப் போய்விடலாம் என்றுதான் இங்கே வந்தேன்.

ஆளாளுக்கு எத்தனை சொன்னார்கள்… கடை முதலாளி முகத்தைச் சுளித்தார், "கறை எடுக்கறவ மேலயே கறைன்னா வர்றவன் என்னம்மா நினைப்பான்? பல் டாக்டருக்குச் சொத்தைப் பல் மாதிரி." அவருக்குப் பயந்துதான் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டேன். இஸ்திரி போடும் அண்ணன் என் கட்சி, "போட்டுக்கோ தங்கச்சி, நமக்குன்னு சொந்தமா என்ன இருக்கு, இந்தத் தோல் ஒண்ணுதான், அதுல ஒரு படம் மாட்டக் கூடாதா? தொலைஞ்சு போனா அடையாளம் சொல்லவும் ஆகும்" என்றார், அப்படிச் சொன்னவரின் முழங்கை வரைக்கும் இஸ்திரிப்பெட்டி சுட்டுப் போட்ட இலவச டாட்டூக்கள். அக்கா வீட்டுக்காரர் போனில் சிரித்தார், "உடம்பு என்ன பஸ் சீட்டா, கிறுக்கி வைக்கறதுக்கு?" எனக்கே சந்தேகம்தான், யோசித்துப் பார்த்தால் என் பிழைப்பே அழிப்பது, டீக்கறை, மைக்கறை, இரும்புத்துரு, யாரோ யார் மேலோ கொட்டின எதுவோ, எல்லாவற்றுக்கும் ஒரு மருந்து உண்டு, போகாத கறை என்று சொல்வது எங்கள் மேஜையில் கெட்டவார்த்தை, அப்படிப்பட்டவள் காலத்துக்கும் போகாத ஒன்றை விரும்பி வாங்கிக்கொள்வதா? ஆனால் அதற்காகவே வேண்டும் என்றும் தோன்றியது, வாழ்க்கையில் ஒன்றாவது எந்த மருந்துக்கும் மசியாததாக இருக்கட்டுமே. அம்மா என்ன சொன்னாள்? அம்மா அக்கா வீட்டில்தான் இருக்கிறாள். போன வாரம் போனில், "பச்சை குத்திக்கிட்டியாமே, கூறு கெட்டவளே, உங்க அக்காவப் பாரு, கை சுத்தமா பளிச்சுன்னு இருக்கு" என்றாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, அக்கா கெட்டிக்காரி, அம்மா கண்ணில் படாமல் மறைத்துவிட்டாள் என்று… அம்மா கண் மங்கவில்லை. மங்கினது யாருடையது?

படத்தைத் திறக்கிறேன். எத்தனை தடவை பார்த்த படம், இஸ்திரி அண்ணனுக்குக்கூடப் பெருமையாகக் காட்டினேனே. அக்காவின் முன்கை, அதில் தாழ்ப்பாள், கூடவே அவள் எழுதியது, 'ஆயிடுச்சுடி, நீ மறைச்சுப் போட்டே, நான் எல்லாரும் பார்க்கத்தான் போட்டிருக்கேன்.' விரலால் பெரிதாக்குகிறேன். ஊதா. கோட்டைச் சுற்றித் தோல் சிவக்கவில்லை, வீங்கவில்லை, எனக்கு அன்று தோள் தோசைக்கல் மாதிரி கொதித்தது, இரண்டு நாள் மல்லாந்து படுக்க முடியவில்லை. ஓரத்தில் ஒரு இடத்தில் கோடு லேசாக இழுபட்டிருக்கிறது, ஈரத்தில் விரல் பட்டால் இழுபடுமே அப்படி. ஒரு துணியில் இந்த இழுசலைப் பார்த்திருந்தால் தொட்ட மாத்திரத்தில் சொல்லியிருப்பேன், இது ஊறாத கறை, மேலாப்பில் நிற்கிறது, ஸ்பிரிட் போதும் என்று. அக்கா கையில் இருந்ததால் சொல்லவில்லை. அக்கா கையை யாராவது கறை பார்க்கிற கண்ணால் பார்ப்பார்களா? டாட்டூக்காரரிடம் போனை நீட்டினேன், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "இது போட்டு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?" ஒரு பார்வைதான் பார்த்தார். "இது அச்சுங்க. ஊசி இன்னும் படல." என் முகத்தில் என்ன கண்டாரோ, உடனே, "இதுக்கப்புறம் போட்டிருப்பாங்க" என்று சேர்த்துக்கொண்டார். சொல்லிவிட்டுத் தட்டில் இருந்த ஊசிகளை அடுக்க ஆரம்பித்தார், அவை ஏற்கனவே அடுக்கியபடிதான் இருந்தன.

இதற்கப்புறம் போட்டிருப்பாள். இருக்கலாம், ஏன் இருக்கக்கூடாது? ஆனால் இந்த ஒரு மாதமாக வீடியோவில் வரும்போதெல்லாம் முழுக்கை ஸ்வெட்டர், சளி பிடித்திருக்கிறது என்பாள், சளிக்கு மூக்கல்லவா சிவக்க வேண்டும்? கூப்பிட்டேன். வீடியோவில் கூப்பிட்டேன், அவள் அதைத் துண்டித்துவிட்டு வெறும் குரலில் கூப்பிட்டாள். "என்னடி, கிளம்பிட்டியா? பெட்டிய விட்டுட்டு எங்கயும் போகாத. ஸ்டேஷனுக்கு மாமா வருவாரு." அதே குரல், அந்தக் குரலைக் கேட்டதும் கேட்க வந்தது பாதி கரைந்துவிடுகிறது, எப்போதும் இப்படித்தான். ஒன்று மட்டும் கேட்டேன். "அக்கா, உனக்கு வலிச்சுதா?" ஒரு நொடி… இரண்டு நொடி இல்லை, ஒன்றுதான், பொய் சொல்கிறவர்களுக்கு அது போதும். "எதுக்கு இப்ப அது? சும்மா எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு." எறும்பு கடித்த மாதிரி. இந்தச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறதே, நாற்காலியில் உட்காருகிற எல்லோரிடமும் டாட்டூக்காரர் சொல்லுகிறாரே, அதே வாசகம், உட்காருவதற்கு முன்னால் சொல்லுகிற வாசகம். எழுந்தவர்கள் யாரும் எறும்பு என்று சொல்லமாட்டார்கள். சூடு வைத்த கம்பியால் மெல்ல மெல்லக் கிழித்தது எனக்கு. "கடை சாவி கைக்கு வந்துடுச்சா?" என்றேன். "எல்லாம் ஆயிடும், நீ வா, நான் இருக்கேன்ல" என்றாள். போன மாதம் 'கடை பேசிட்டேன்' என்று ஒரு படம் அனுப்பியிருந்தாள், இறக்கிவிட்ட ஷட்டர், மேலே வெற்றுப் பலகை. ஷட்டர் இறக்கிய கடை யாருடையதாகவும் இருக்கலாமே, இது ஏன் எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை? அடிப்பாவி. கூடப் பிறந்தவளை ஊசியில் உட்காரவைத்துவிட்டு நீ காகிதத்தோடு எழுந்து போனாயா? பயமாக இருந்தால் பயம் என்று சொல்லியிருக்கலாமே, உன் வீட்டுக்காரர் வேண்டாம் என்றிருந்தால் அதைச் சொல்லியிருக்கலாமே, நான் என்ன அப்பாவா, பாத்திரத்தை விட்டெறிவதற்கு?

"நீங்க வாங்க" என்றார் டாட்டூக்காரர். போய்க் கவிழ்ந்து படுத்தேன், இப்போது எழுந்து எங்கே போவது, அறைச் சாவியைக் கொடுத்தாயிற்று, என் கறை மேஜையில் காலையிலேயே வேறொரு பெண் உட்கார்ந்துவிட்டாள், பென்சிலை எடுத்துக் காதில் செருகிக்கொண்டதைக்கூடப் பார்த்துவிட்டு வந்தேன். தோளில் அவர் விரல் பட்டது. "எல்லாம் நல்லா ஆறியிருக்கு. இந்த ஒரு இடம்தான் மை நிக்கல, கம்பி போய் நிலையில நுழையுது பாருங்க, அந்தத் துவாரம். அதை அழுத்திடறேன். அது இல்லாட்டி தாழ்ப்பாள் போட்ட மாதிரியே இருக்காது." துவாரம். நாங்கள் வளர்ந்த அந்த வீட்டைக் காலி செய்த அன்று… ஏன் இது இப்போது வருகிறது, இத்தனை வருஷம் வராதது… வெறும் அறையில் நான் மட்டும் நின்றேன், அதற்குள் நான் வளர்ந்திருந்தேன், தாழ்ப்பாள் என் கைக்கே எட்டியது, ஆசையாகத் தள்ளிப் பார்த்தேன், டக் என்றது, அப்புறம் கதவை இழுத்தேன், கதவு திறந்துகொண்டது. நிலையில் துவாரமே இல்லை. மரம் மழமழவென்று பெயிண்ட் அடித்துக் கிடந்தது. கம்பி போய் நிலையில் முட்டி நிற்கும், அந்த முட்டுகிற சத்தம்தான் டக். பழைய வீடு, எதுதான் சரியாக இருந்தது என்று நினைத்துக்கொண்டு லாரியில் ஏறிவிட்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. அக்காவுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? தினமும் எம்பி எம்பித் தள்ளியவள் அவள்தானே? தெரிந்துதான் தள்ளினாள். நான் கேட்பதற்காகத் தள்ளினாள்.

"ஆரம்பிக்கட்டுமா?" கொஞ்சம் இருங்க என்றேன். மெஷின் காதருகே ரீங்காரமிட்டு நின்றது. அறையில் எங்களுக்கு ஒரே பாய், சுவரோரம் நான், கதவோரம் அவள், 'எனக்குக் காத்து வேணும்' என்பாள், மூடிய கதவிடம் என்ன காற்று? முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், நான் கண்ணை மூடும்போதும் உட்கார்ந்திருப்பாள், காலையில் கண்ணைத் திறக்கும்போதும். அவள் எப்போது படுத்தாள் என்று நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு எனக்குச் சத்தம் போதும், ஆறு வயதுக்கு ஒரு டக் போதும், அதற்குப் பின்னால் அவள் முதுகு இருந்தது. இப்போதும் ஒரு டக் அனுப்பியிருக்கிறாள், ஊதா நிறத்தில், வா வா நான் இருக்கேன்ல என்று. நான் வந்து நிற்கப்போகும் கதவுக்குப் பின்னால் இந்தத் தடவை என்ன இருக்கிறது, முதுகா, வெறும் மரமா… பெட்டி காலடியில் இருக்கிறது. டாட்டூக்காரர் காத்திருக்கிறார், இன்னும் போடாத அந்தத் துவாரத்தின் மேல் அவருடைய விரல் இருக்கிறது, அந்த இடத்தில் மட்டும் எனக்கு வலிக்கவே இல்லை.