மூன்று நல்லது

நனைத்த பஞ்சைக் கணவரின் உதட்டில் ஒற்றிக்கொண்டே இருந்தவளின் கையை நாத்தனார் பிடித்து நிறுத்தினாள்.

"போதும் அண்ணி. உள்ள இறங்கவே இல்ல, பாருங்க."

தண்ணீர் வாயோரம் வழிந்து தலையணை நனைந்திருந்தது. சாயங்காலம் தாண்டாது என்று வார்டு டாக்டர் காலையிலேயே கையை விரித்துவிட்டார்.

"அப்படிச் சொல்லாத. நல்லதையே நினை," என்றாள் அவள், பழக்கதோஷத்தில்.

பழக்கம் தையல் கம்பெனியில் தொற்றியது. வேலைப்பளுவில் பெண்கள் மயங்கி விழவும், பளுவைக் குறைப்பதைவிடச் சுலபம் என்று முதலாளி வாராவாரம் ஒரு வகுப்பு வைத்தார். செய்கிற வேலையில் மட்டும் மனதை வை. கெட்ட எண்ணம் வந்தால் உடனே மூன்று நல்லதைச் சொல். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். இவள் உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டாள். கணவருக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்த அன்றே வீட்டுக்கும் சட்டம் போட்டாள். வலி, பயம், சாவு, எதையும் வாயில் எடுக்கக் கூடாது. எடுத்தால் மூன்று நல்லது சொல்லியாக வேண்டும்.

லிப்ட் மெக்கானிக்கான அவர் முதலில் சிரித்தார். "லிப்ட் அறுந்து விழறப்பவும் காத்து நல்லா வருதுன்னு சொல்லணுமா?" பிறகு சிரிப்பதையும் விட்டுவிட்டார். மனிதர் தேறிவிட்டார் என்று அவள் கம்பெனியில் சொல்லிக்கொண்டாள். பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடுமா என்று கேட்க அங்கே ஆளில்லை.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க," என்றாள் நாத்தனார். "அண்ணன் தினம் காலையில எனக்கு போன் பண்ணுவாரு. செத்துடுவேனோன்னு அழுவாரு."

"எப்போ? நான் வீட்லதானே இருந்தேன்!"

"நீங்க பாத்திரம் கழுவுறப்போ. குழாயைத் திறந்துட்டா உங்களுக்கு ஒண்ணும் கேக்காதுன்னு சொல்வாரு."

அந்தக் கால் மணி நேரம் வகுப்பில் சொன்னபடி தண்ணீரின் குளிர்ச்சியையும் தட்டின் விளிம்பையும் தவிர வேறு நினைவே இல்லாமல் கழுவுவாள். நாளிலேயே நிம்மதியான நேரம் அதுதான். மூன்று மாதமாக, ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அவர் அழுதிருக்கிறார்.

அவள் கட்டிலின் மேல் கவிழ்ந்தாள்.

"என்னங்க, பயமா இருக்கா? எங்கிட்ட சொல்லுங்க. என்னைத் திட்டவாவது செய்யுங்க."

கண் பாதி திறந்தது. ஒட்டியிருந்த உதடுகள் மெல்லப் பிரிந்தன.

"நல்லா... இருக்கேன்."

"வேணாங்க, அதைச் சொல்லாதீங்க!" அவள் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். நாத்தனார் தடுத்தும் விடவில்லை. கண் மூடிக்கொண்டது.

அப்புறம் அவளே அவர் காதோரம் குனிந்து பேச ஆரம்பித்தாள்.

"எனக்கு பயமா இருக்குங்க. டாக்டர் சொன்ன அன்னிக்கே பயந்துட்டேன். நீங்க தூங்கறப்போ மூச்சு வருதான்னு மூக்குல கை வெச்சுப் பாப்பேன். தனியா இருக்கத் தெரியாதுங்க எனக்கு..."

நர்ஸ் வந்து நாடியைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கையை மெதுவாகக் கீழே வைத்தாள். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

"அம்மா... போயிட்டாரும்மா," என்றாள் நர்ஸ்.

"தெரியும்," என்றாள் அவள் நிமிராமலே. "செத்த இரும்மா, இன்னும் சொல்லி முடிக்கல."

நர்ஸ் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போனாள்.