தனிநபர் பங்கு நூற்றுக்கு மூன்று

என் கணவர் நிதி அமைச்சகத்தின் பொதுக்கடன் பிரிவில் இருபத்தொன்பது ஆண்டுகள் இருந்தார். மத்திய அரசு யாரிடம் எவ்வளவு வாங்கியிருக்கிறது, எப்போது திருப்ப வேண்டும் என்று அட்டவணை போடுவது வேலை. நாற்காலிக்குப் பின்னால் சுவரில், கடன் ஏறுவதைக் கோடாக வரைந்த ஒரு தாள் ஒட்டியிருந்தார். ஆண்டு முடிந்தால் இன்னொரு துண்டு ஒட்டுவார். அது பீரோவைத் தாண்டிக் கதவுவரை வந்துவிட்டது. அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'கோடு'. நான் தொலைபேசியில் கூப்பிட்டால், கோடு டீ குடிக்கப் போயிருக்கிறது என்பார்கள்.

ஒருமுறை மதியச் சாப்பாடு கொண்டுபோனபோது எனக்கு அதைக் காட்டினார். இங்கே போர். இங்கே துறைமுகம் கட்ட வாங்கியது. ஓரிடத்தில் கோடு செங்குத்தாக ஏறியிருந்தது. அந்த ஆண்டு புதிதாக ஒரு காசுகூட வாங்கவில்லையாம். நம் நாணயத்தின் மதிப்பு விழுந்ததில் வெளிநாட்டுக் கடன் தானாக வீங்கிவிட்டதாம்.

"இது எப்பத்தான் இறங்கும்?" என்றேன்.

"எங்க இறங்குறது? பழைய பத்திரத்துக்குக் கெடு வந்தா புதுசு வித்து அதை அடைப்போம். வாங்க ஆள் இருக்கிறவரைக்கும் வண்டி ஓடும்."

வாங்கியவர்களில் நாங்களும் உண்டு. என் அப்பா விட்டுப்போன மனையை விற்று, நான்காண்டு அரசுப் பத்திரத்தில் அவர் பெயரில் போட்டிருந்தோம்.

அது முதிர நான்கு மாதம் இருக்கும்போது அவரால் மாடிப்படி ஏற முடியாமல் போயிற்று. இதய வால்வு ஒன்று சுருங்கிவிட்டது, மாற்ற வேண்டும், ஆறு மாதத்துக்கு மேல் தள்ளக் கூடாது என்றார் மருத்துவர். அரசு மருத்துவமனையில் இரண்டு ஆண்டு வரிசை. தனியாரில் கேட்ட தொகை, பத்திரத் தொகையைவிடக் கொஞ்சம்தான் குறைவு. மிச்சத்துக்கு ஆரஞ்சு வாங்கித் தின்னலாம் என்று வரும் வழியில் சிரித்தார்.

அடுத்த மாதம் அரசு பத்திரங்களை ஏலம் விட்டது. வாங்க ஆள் வரவில்லை. மறு ஏலத்துக்கும் வரவில்லை. உள்நாட்டில் விற்ற பத்திரங்களையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டு, பன்னிரண்டு ஆண்டு கழித்து முதிரும் புதிய பத்திரங்களைக் கொடுப்பது என்று மேலிடத்தில் முடிவானது. ஒரே ஒரு கேள்விதான் பாக்கி: தனிநபர்களை மட்டும் விட்டுவிடலாமா? இயக்குநர் இவரிடம் குறிப்பு கேட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாத காகிதம் அது. எனக்குத் தெரிந்து வாழ்நாளில் அவர் மீறிய ஒரே விதி. மூச்சு வாங்கியது, கை நடுங்கியது; ஆகவே ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வங்கிகள் இவ்வளவு, சேமநல நிதிகள் இவ்வளவு. தனிநபர்கள் நாற்பதாயிரம் பேர். அவர்கள் பங்கு நூற்றுக்கு மூன்று. அவர்களை விலக்குவதால் அரசுக்குக் குறிப்பிடத்தக்க இழப்பு இல்லை.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடைசி வரியை அடிச்சிடும்மா."

"ஏங்க? பொய்யா அது?"

"நெசந்தான். ஆனா என் பத்திரமும் அதுல இருக்கே. தன் இலைக்குப் பரிமாறிக்கிட்டான்னு ஆயிடும்."

"நாப்பதாயிரம் இலை இருக்குங்க."

"அதுல ஒண்ணு என்னுது. அதான் சிக்கல்."

வாதாடியிருக்கலாம். வாதாடினால் அவருக்கு மூச்சு முட்டும். அந்த வரியை அடித்தேன். 'தனிநபர்கள் குறித்து இப்பிரிவுக்குக் கருத்து இல்லை' என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.

என் பத்திரமும் இதில் இருக்கிறது, வேறொருவரைக் கேளுங்கள் என்று இயக்குநருக்கு அவர் ஒரு துண்டுச்சீட்டு வைத்திருந்தால் போதும். இது எனக்குத் தோன்றியபோது அவர் போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது. தனிநபர்களையும் சேர்த்தே அறிவிப்பு வந்த பிறகு கடனுக்கு அலைந்தோம். என் தம்பி ஸ்கூட்டரை விற்றுக் கொடுத்தான். யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஏழாவது மாதம், குளியலறை வாசலில், கையில் துண்டோடு சரிந்தார்.

துக்கத்துக்கு வந்த இயக்குநர் கிளம்பும்போது சொன்னார்: "அவர் ஒரு வரி எழுதியிருந்தா போதும்மா. தனிநபர்களை விட்டிருப்போம். அதுக்குத்தான் அவரைக் கேட்டதே." எழுதி அடித்தோம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் என்ன செய்துவிடப் போகிறார்.

புதுப் பத்திரத்தை என் பெயருக்கு மாற்ற வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற அம்மாவுக்கு என் வயதிருக்கும். மகள் படிப்புக்கு வைத்திருந்த பணமாம்.

"இந்தக் கணக்கை எழுதின கை விளங்குமா சொல்லுங்க," என்றார். பிறகு என் வெறும் நெற்றியைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "உங்க வீட்டுக்காரருக்கு என்ன?"

"இதயம்."

"ஆபரேஷன் பண்ணலியா?"

"பணம் இதுல மாட்டிக்கிச்சு."

"பாவிங்க," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கவுன்ட்டர் ஜன்னலுக்கு வரும்வரை விடவில்லை. நானும் இழுத்துக்கொள்ளவில்லை.