ஏழாம் தொட்டியின் இரண்டாவது பாட்டில்

அண்ணனின் விரல் இடுக்குகளைத் தங்கை சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூன்று தடவை தேய்த்தாகிவிட்டது. தண்ணீர் ஊற்றினால் இன்னும் ஒட்டாமல் உருண்டு ஓடியது. ரொட்டித் தொழிற்சாலைகளில் அடுப்புச் சங்கிலி இருநூறு டிகிரி சூட்டிலும் கருகாமல் ஓடுவதற்கென்று செய்த செயற்கை எண்ணெய் அது. செத்தவர் கையை விட்டு அவ்வளவு சுலபத்தில் போய்விடுமா?

"போதும், விடு," என்றாள் அண்ணி. "பாதி வாழ்க்கை அதோடதான இருந்தாரு."

இருபத்திரண்டு வருஷம் அந்தத் தொழிற்சாலையில் எண்ணெய் கலந்தவர். 'கலவை' என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். ஆறு மாதத்துக்கு முன் ஏழாம் தொட்டி எண்ணெய் நுரைத்து, வாங்கியவர்கள் அத்தனை பீப்பாயையும் திருப்பி அனுப்பிய பிறகு, ஆபீஸில் யாரோ ஒரு புண்ணியவான் அதை 'சோப்பு' என்று மாற்றினான். கவனக்குறைவு என்று அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அதன் நகலை அறிவிப்புப் பலகையில் வேறு ஒட்டினார்கள். அதோடு விட்டார்களா? பீப்பாய் கழுவும் வெட்டவெளிக்கு மாற்றினார்கள். ஐம்பத்து நான்கு வயதில் வெயிலில் பீப்பாய் உருட்டினார். நேற்று மதியம் அங்கேயே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். வெயில் என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை போலும்.

நடந்தது வேறு. நுரையைத் தடுக்கும் மருந்தை, எண்ணெய் அறுபது டிகிரிக்கு ஆறின பிறகு, தனியாகக் கரைத்து, கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். ஆறுவதற்கு நான்கு மணி நேரம் பிடிக்கும். லாரி வாசலில் நிற்கிறது, இப்போதே ஊற்று என்றார் மேலாளர். அண்ணன் இரண்டு தடவை மாட்டேன் என்றார். மூன்றாம் தடவை ஊற்றிவிட்டார். தங்கையின் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்லிச் சொல்லி, அவளுக்கே அது மனப்பாடம்.

ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் இரண்டு பாட்டில் மாதிரி எடுப்பார்கள். ஒன்று லேபுக்கு, மற்றது கலவைக்கூடத்து அலமாரிக்கு. செய்முறைத் தாளை மீறினால், மீறச் சொன்னவர் இரண்டு லேபிளிலும் கையெழுத்துப் போட வேண்டும். மேலாளர் நாளுக்கு நூறு கையெழுத்துப் போடுகிறவர். போனைக் காதில் இடுக்கிக்கொண்டு இதிலும் போட்டார். எதில் போட்டோம் என்று பார்க்கவில்லை.

அண்ணனுக்குக் கடிதம் வந்த வாரமே லேபில் இருந்த பாட்டில் உடைந்துவிட்டதாம். பிளாஸ்டிக் பாட்டில். அதற்கப்புறம்தான் அண்ணன் மற்றதைச் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். "விசாரணைன்னு ஒண்ணு வைப்பாங்கல்ல, அப்பக் காட்டுறேன்," என்றார். விசாரணை இதோ அதோ என்று ஆறு மாதம் இழுத்தது. அதுவரை வாயைத் திறக்காமல் இருந்த மனிதரை நினைக்கும்போது தங்கைக்கு அவர்மேலும்தான் கோபம் வந்தது.

பத்து மணிக்கு மேலாளர் கார் வந்தது. மலர்வளையத்தை வைத்து, எவ்வளவு நேரம் நிற்க வேண்டுமோ அவ்வளவு நேரம் நின்றார். பிறகு தங்கையைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டார்.

"பெரிய இழப்பும்மா எங்களுக்கு."

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். அவரு ஒரு சாம்பிள் பாட்டில் வீட்டுக்கு எடுத்துட்டு வந்தாருன்னு சொல்றாங்க. அது கம்பெனி பொருள். திங்கக்கிழமை எண்ணெய் வாங்கினவங்களே நேர்ல வந்து விசாரிக்கிறாங்க. அதுக்குள்ள எல்லாத்தையும் ஒழுங்குபண்ணி வச்சிடலாம்னு..."

"எதுக்கு சார்? இதுவும் உடையறதுக்கா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க அண்ணிக்குக் கேண்டீன்ல ஒரு வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன். யோசிச்சுச் சொல்லுங்க."

அண்ணி கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேலை தேவை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். "அந்தப் பாட்டில எடுத்துட்டு வா," என்றாள். ஒரு நாள்கூட முழுசாக ஆகவில்லை, அதற்குள் விட்டுக்கொடுத்துவிட்டாளே என்று தங்கைக்கு இருந்தது. ஆனாலும் பாட்டில் அண்ணியுடையது. அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்து கொடுத்தாள்.

மேலாளர் கையை நீட்டினார். அண்ணி அந்தக் கையைத் தாண்டிக் கூடத்துக்குப் போனாள். அங்கே தொழிற்சாலைக்காரர்கள் முப்பது பேர் இருந்தார்கள். எண்ணெய்களைச் சோதித்துப் பார்க்கும் லேபக்காவின் கையில் பாட்டிலைக் கொடுத்தாள்.

"லேபிள்ல இருக்கிறதப் படிங்கக்கா. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

லேபக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். "ஏழாம் தொட்டி. மருந்து ஊற்றிய சூடு, நூற்றுப் பத்து டிகிரி. ஆறும் வரை காத்திருக்க அனுமதி இல்லை. ஊற்றச் சொன்னவர்..." நிறுத்தினாள். "மேலாளர்னு போட்டுக் கையெழுத்து இருக்கு."



"அத அவரே போட்டிருக்கலாம்," என்றார் மேலாளர்.

"இல்ல சார். என் லீவு லெட்டரெல்லாத்துலயும் கையெழுத்துக்கு இதே வால்தான் இருக்கு," என்றாள் லேபக்கா.

சுவரோரம் நின்றவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். 'சோப்பு' என்று கூப்பிட்டபோதும் இவன்தான் சிரித்திருப்பான் என்று தங்கைக்குத் தோன்றியது. அவள் மேலாளர் பக்கம் திரும்பினாள்.

"சார், அவரு முகத்தப் பாத்து ஒரு தடவ சொல்லிட்டுப் போங்க. நான்தான் ஊத்தச் சொன்னேன்னு. வேற எதுவும் வேண்டாம்."

மேலாளர் அண்ணனைக் கிடத்தியிருந்த பெட்டியைப் பார்த்தார். ஒரு நொடி, சொல்லிவிடுவார் போலத்தான் இருந்தது. பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "உணர்ச்சிவசப்பட்டுப் பேசுற நேரம் இல்ல இது. திங்கக்கிழமை பாத்துக்கலாம்."

"திங்கக்கிழமை நானும் வர்றேன்," என்றாள் அண்ணி. "பாட்டிலோட."

அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு காருக்குள் போய் உட்கார்ந்தார். லேபக்கா பாட்டிலை அண்ணியிடம் திருப்பிக் கொடுத்தாள். அண்ணி அதைப் புடவைத் தலைப்பில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். அழவில்லை. தங்கைதான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பெட்டியைத் தூக்கும் நேரம் வந்தது. ஐந்து பேர் குனிந்தார்கள். ஆறாவது தோளுக்கு ஆள் வருவதற்குள், மேலாளரின் கார் ஓட்டுநர் இன்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. குனிந்து தோள் கொடுத்தார்.

தெருவில் நல்ல வெயில். கார் நடுத்தெருவில் நின்றது, கண்ணாடிகள் ஏற்றியபடி. சாவி இல்லாமல் அவை இறங்காது. கதவைத் திறந்தால் அத்தனை பேருக்கு நடுவில் இறங்க வேண்டும். மேலாளர் உள்ளேயே இருந்தார், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு.

பெட்டி காரைத் தாண்டும்போது அவர் கண்ணாடியைத் தட்டினார். ஓட்டுநர் தோளைச் சரிசெய்துகொண்டு நடந்தார்.