மடிப்பில் விழுந்த பட்டன்

அலுவலகத்தில் அவனை ஓவியர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓவியமெல்லாம் ஒன்றுமில்லை, செல்போன் திரையில் எந்த பட்டன் எங்கே உட்கார வேண்டும் என்று முடிவு செய்வதுதான் அவன் வேலை. மேலாளருக்கு வைத்த பெயர் ‘முடியாது சார்’. லீவு கேட்பவன் வாயை மூடுவதற்குள் அந்த வார்த்தை வந்து விழுந்துவிடும். காதோரம் இருப்பதைத் தவிர அவர் தலையில் மருந்துக்கும் ஒரு முடி கிடையாது. அதைப் பற்றி அவர் காதுபட மூச்சுவிட்டவனும் கிடையாது.

அப்பேர்ப்பட்டவர் புத்தகம் மாதிரி விரிகிற மடக்கு ஃபோன் ஒன்று வாங்கினார். லீவு விண்ணப்பமெல்லாம் இனி அதில்தான் வர வேண்டும் என்றார். ஆப்பை வடிவமைக்கும் பொறுப்பு ஓவியர் தலையில் விழுந்தது.

வீட்டிலோ வேறு கதை. கடற்கரைக்குப் போகலாம் என்று போட்ட திட்டம் ஒவ்வொரு தடவையும் ‘முடியாது’வில் முட்டி நின்றது. “இந்தத் தடவையும் நீங்க வரலைன்னா நான் தங்கச்சியைக் கூட்டிட்டுப் போயிடுவேன்” என்று மனைவி சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

அதனால் ஒரு சின்னத் திருட்டுத்தனம் செய்தான். ‘சரி’ பட்டனை வலது கட்டைவிரல் தானாக வந்து உட்காரும் இடத்தில் வைத்தான். ‘முடியாது’வை எந்த விரலுக்கும் எட்டாத நட்டநடுவில் வைத்தான். மேசையில் ஃபோனைத் தட்டையாக விரித்துப் பார்த்தான், கச்சிதமாக இருந்தது. பாதி மடக்கினால் நடுக்கோட்டில் இருக்கிற எதையும் இரண்டு பக்கமும் தள்ளிவிட வேண்டும் என்று ஆப்பில் அவனே போட்டு வைத்த விதி மட்டும் சுத்தமாக மறந்துபோயிற்று.

மறுநாள் எல்லோரும் கூட்ட அறையில் உட்கார்ந்தார்கள். “முதல் ஆளா உன் விண்ணப்பத்தையே அனுப்புப்பா, பாக்கலாம்” என்றார் மேலாளர். அனுப்பினான். அவர் ஃபோனைப் புத்தகம் மாதிரி பாதி விரித்துப் பிடித்தார். இடப்பக்கம் ‘முடி’. வலப்பக்கம் ‘யாது’.

“முடி... யாது?” என்று வாய்விட்டு வாசித்தார்.

பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்த எவனுக்கும் யாது என்றால் என்ன என்று தெரியும். முடி என்றால் என்னவென்று ஃபோன் கேட்கிறது. அதையும் யாரிடம் போய்க் கேட்கிறது பாருங்கள்!

“என்னப்பா இது, கிண்டலா?”

“ஐயோ இல்ல சார். நடுவுல காலியா இருக்குல்ல, அதனாலதான்...”

“எது காலியா இருக்கு?”

“ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு சார். நடுவுலதான் ஒண்ணும்...”

பக்கத்திலிருந்த சோதனைக்கார அக்கா மேசைக்கு அடியில் அவன் காலை ஓங்கி மிதித்தாள். ஆப்களில் பிழை கண்டுபிடிப்பது அவள் வேலை. இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க அவள் தேவைப்படவில்லை.

“இனிமே அந்த வார்த்தை என் ஃபோன்ல இருக்கக் கூடாது. இப்பவே தூக்கு!”

ஓவியர் லேப்டாப்பைத் திறந்து தூக்கினான். திரையில் இப்போது ‘சரி’ மட்டும் தனியாக நின்றது. மேலாளர் அதை வெறித்துப் பார்த்தார்.

“பட்டன் இல்லாட்டி என்ன? நான் வாயாலயே சொல்றேன். உனக்கு லீவு முடி...”

அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அறையில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது. மேலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு ‘சரி’யை அமுக்கினார். ஓவியருக்கு எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது.

சாயங்காலம் பையை மூட்டை கட்டிக்கொண்டிருந்தவனை மேலாளர் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வேலை போச்சு என்றே நினைத்தான்.

“உங்க வீட்டம்மா ரொம்ப நாளா கேட்டாங்களோ?”

“ஆமா சார்.”

“எங்க வீட்லயும்தான். மாடியில இருக்காரே, முதலாளி, அவர் எனக்கு ஒரு தடவைகூட சரின்னு சொன்னதில்ல.” குரலைத் தாழ்த்தினார். “அவர்கிட்டயும் மடக்கு ஃபோன்தான். இந்த ஆப்பை அதுலயும் போட்டுக் குடு.”

“அந்த பட்டனைத்தான் தூக்கிட்டேனே சார்.”

“தூக்கினதைத் திரும்ப வை. அதே இடத்துல, அதே மாதிரி.” அவர் தன் தலையை ஒரு தடவை தடவிக் காட்டினார். “அவருக்கும் இப்படித்தான். விக் வச்சிருக்கார்.”