ஓட்டையை யார் போடுவது

காலையில் கண்டெய்னர் கதவைத் திறந்ததும் உறைக்காரியின் நெற்றியில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. வெளியே மழை இல்லை. ஒரு வாரமாக வானம் துடைத்து வைத்த மாதிரி கிடந்தது. உள்ளேதான் மழைக்காலம் ஜோராக நடந்துகொண்டிருந்தது.

கப்பலேறி உலகம் சுற்றிவிட்டு ஓய்வு பெற்ற இரும்புப் பெட்டி அது. விழா ஹால்களுக்கு நாற்காலி உறைகளும் மேசை விரிப்புகளும் வாடகைக்கு விடுவது அவள் தொழில். பெயரும் அப்படி வந்ததுதான். அறுநூறு உறைகளோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்த முடியாமல், ஆறு மாதத்துக்கு முன் பெட்டியை வாங்கி வீட்டுக்குப் பின்னால் நிறுத்தி, மூட்டை மூட்டையாகக் கூரைவரை அடுக்கிவிட்டாள். பகலெல்லாம் பெட்டி வெயிலில் வேகும், விடியற்காலையில் ஜில்லிட்டுப்போகும். உள்ளே அடைபட்ட ஈரக்காற்று போக வழியில்லாமல் கூரைத் தகட்டில் முத்து முத்தாகக் கோத்து, வெள்ளை வெளேரென்ற உறைகள்மேல் சொட்டும். பக்கச் சுவரில் பெட்டியைச் செய்தவன் விட்டிருந்த நாலு துவாரங்கள் ஓர் எறும்பு பெருமூச்சு விடக்கூடப் போதாது.

ஈரத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வாடைதான் ஆளைக் கொன்றது. அவளுடைய பிழைப்பே ஒரே ஒரு பெரிய ஹாலை நம்பித்தான் ஓடியது. அந்த ஹாலின் மேனேஜரை எல்லோரும் மூக்கு என்பார்கள். பச்சைத் தண்ணீரைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிற மனிதர். போன மாதம் ஓர் உறையை எடுத்து மோந்துவிட்டு, "இதை நாற்காலிக்குப் போட்டீங்களா, நாய்க்குப் போட்டீங்களாம்மா?" என்று கேட்டார். வருகிற சனிக்கிழமை பத்து மணிக்கு அவரே நேரில் வந்து பார்ப்பாராம். ஒரே ஓர் உறை நாறினாலும் இந்த வருஷத்து வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். உறைக்காரிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

இந்த வேலைக்கு அவள் வீட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை. புருஷன் தகரக்காரர், கூரை, குழாய், காற்றுப்போக்கி எல்லாம் அவர் கைவேலை. தம்பி வெல்டர். ஒரே ஒரு சிக்கல்தான்: மாமனும் மச்சானும் பேசி ஆறு வருஷம் ஆகிறது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் தம்பி, "மாமா போட்ட கூரையில ஒழுகாத இடம்னா, அது அவரு போடாத இடம்தான்" என்றான். "உன் வெல்டிங்கு மட்டும் என்னவாம், காக்கா எச்சம் போட்ட மாதிரி இருக்கு" என்றார் அவர். இரண்டு பேரும் பாதிச் சோற்றில் கை கழுவினார்கள். அத்தோடு சரி.

அதற்குப் பிறகு மூன்றடி தள்ளி நின்றாலும் அவள் வழியாகத்தான் பேச்சு. "உன் தம்பிகிட்ட ஏணி எங்கன்னு கேளு" என்பார் இவர். "உன் வீட்டுக்காரர் முதுகுக்குப் பின்னாலதான் இருக்குன்னு சொல்லுக்கா" என்பான் அவன். ஆறு வருஷமாகத் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்து அவளுக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

திட்டம் என்னவோ நல்ல திட்டம்தான், புருஷனுடையது. கீழே சுவரில் நாலு பெரிய ஓட்டை, வலை அடித்து, காற்று உள்ளே வர. மேலே கூரையில் ஒரு பெரிய ஓட்டை, அதன்மேல் காற்றடித்தால் தானே சுற்றுகிற உருண்டைக் காற்றாடி, உள்ளே இருக்கும் சூட்டையும் ஈரத்தையும் இழுத்து வெளியே தள்ள. திங்கட்கிழமை தம்பி கீழ் ஓட்டைகளை வெட்டினான். செவ்வாய்க்கிழமை அவள் நனைந்த உறைகளையெல்லாம் சலவைக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். தூது போக ஆள் இல்லாத அந்த ஒரு நாளில்தான் வினை நடந்தது.

தகரக்காரர் காற்றாடியோடு கூரைமேல் ஏறினார். அங்கே ஓட்டை இல்லை. கனத்த தகடு வெட்டுவது வெல்டர் வேலை. இன்னும் வெட்டவில்லை என்றால் உள்ளேயிருந்து வெட்டப்போகிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கீழே முற்றத்தில்தான் மச்சான் வலையை அடித்து முடித்துவிட்டுச் சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். கேட்பாரா? அதற்கு அவர் கூரையிலிருந்து குதித்தே விடுவார். மூடிய கூரைமேலேயே காற்றாடியை முடுக்கி, ஓரமெல்லாம் பசை பூசி, ஏணியை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் கூரையை வெட்டத் திரும்பி வந்த வெல்டர் அண்ணாந்து பார்த்தான். காற்றாடி கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. "ஓகோ, அவரே வெட்டிக்கிட்டாரா? என் கைமேல நம்பிக்கை இல்லையாக்கும்" என்று முனகிவிட்டு, ரோஷத்தோடு அவனும் மூட்டையைக் கட்டினான்.

புதன்கிழமை திரும்பி வந்த உறைக்காரிக்குக் காற்றாடியைப் பார்த்துப் பூரிப்பு தாங்கவில்லை. காய்ந்த உறைகளை மறுபடி கூரைவரை அடுக்கினாள். வெள்ளிக்கிழமை கதவைத் திறந்தால் அதே வாடை, அதே சொட்டு. நாலு மூட்டையைத் தள்ளிவிட்டு ஏறி நின்று டார்ச் அடித்தாள். காற்றாடிக்கு நேர் கீழே கூரை ஒரு கீறல்கூட இல்லாமல், பிறந்தபோது இருந்தபடியே இருந்தது. அதற்குமேல் அந்தச் சனியன் குஷியாகச் சுற்றும் சத்தம் கேட்டது. அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் செய்தாள்.

இரண்டு பேரையும் கூப்பிட்டு முற்றத்தில் நிறுத்தினாள்.

"மேல வெட்டுறது யாரு வேலைன்னு உன் தம்பியக் கேளு."

"வெட்டாத இடத்துல எதுக்குக் காத்தாடிய வச்சாருன்னு உன் வீட்டுக்காரரக் கேளுக்கா."

"ஏன், உள்ள இருந்து வெட்டினா கை தேஞ்சிருமான்னு கேளு."

"வெட்டலன்னு வாயத் தொறந்து சொன்னா முத்தா உதிந்துரும்னு கேளுக்கா."

வழக்கம்போல அவள் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியது. சட்டென்று நின்றது. நாளைக்குப் பத்து மணிக்கு மூக்கு வந்து நிற்கும். இதுகள் அப்போதும் இப்படியே கேட்டுக்கொண்டிருக்கும். மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து முற்றத்து வெயிலில் கொடி கட்டிப் போட்டாள். தம்பியின் கட்டிங் மெஷினையும் கண்ணாடியையும் பிடுங்கினாள், புருஷனின் ஏணியைச் சாத்தினாள், கூரைமேல் ஏறினாள்.

"அடியே, விழுந்து தொலைக்காதே!" என்றார் அவர்.

"அக்கா, அது வெங்காயம் நறுக்குற கத்தி இல்லக்கா!" என்றான் இவன்.

வெல்டருக்கு அக்காவாகவும் தகரக்காரருக்குப் பெண்டாட்டியாகவும் இருந்து, பார்த்துப் பார்த்தே பாதி வேலை அவளுக்குத் தெரியும். காற்றாடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மெஷினைப் போட்டாள். இரும்பு அலறியது, பொறி பறந்தது. பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்ததால் வெட்டிக்கொண்டே போனாள்.

கீழே இரண்டு பேரும் அவளைப் பார்த்துக் கத்தினார்கள். மெஷின் சத்தத்தில் அவள் காதில் எதுவும் விழவில்லை. சொல்வதைக் கேட்க ஆளில்லாமல் எவ்வளவு நேரம்தான் கத்துவது? மெஷினை அணைத்த அந்த நொடியில் அவள் காதில் விழுந்தது இதுதான்:

"பாத்தியாடா, எப்படிக் கோணலா இழுக்குறா."

"நான் அப்பவே சொன்னேன் மாமா, யாரு கேக்குறா."

ஆறு வருஷத்தில் முதல் பேச்சு. அவள் மெஷினைக் கையில் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேர் மண்டையிலும் அதைப் போடலாமா என்றும் தோன்றியது, நெஞ்சுக்குள் ஏதோ இளகியது போலவும் இருந்தது. வெட்டிய துண்டு உள்ளே டங்கென்று விழுந்தது. ஓட்டையிலிருந்து வெந்நீர்ப் பானையைத் திறந்த மாதிரி சூடும் நாற்றமும் குப்பென்று கிளம்பி அவள் முகத்தில் அடித்தது. ஆறு மாத மூச்சு. அதைவிட நல்ல நாற்றத்தை அவள் அதுவரை அனுபவித்ததில்லை.

காற்றாடியை மறுபடி மாட்டிப் பசை பூசும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. இடது கட்டைவிரலைத் தகடு கிழித்ததற்கு ஒரு துணியைச் சுற்றிக்கொண்டாள்.

இரவே காய்ந்த உறைகளை உள்ளே அடுக்கினாள், மிச்சம் கொடியிலேயே கிடந்தது. மறுநாள் பத்து மணிக்கு மூக்கு வந்தார். ஓர் உறையை எடுத்து மோந்தார். அடியிலிருந்து இன்னொன்றை உருவி மோந்தார். பெட்டிக்குள்ளேயே போய் நின்று நெஞ்சு நிறைய இழுத்துப் பார்த்தார்.

"எங்க ஹாலைவிட இங்க காத்து நல்லா இருக்கேம்மா. இந்த வருஷமும் நீங்களே பாத்துக்கங்க."

உறைக்காரி அப்படியே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். மூக்கு அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"பிரமாதமான ஏற்பாடு. யாரு வேலை இது?"

"நாங்கதான் சார்" என்றார்கள் மாமனும் மச்சானும், ஒரே குரலில்.

"ஓட்டை மட்டும் கொஞ்சம் கோணலா இருக்கே?"

"அந்தக் கோணல் மட்டும் என் சம்சாரத்தோடது சார்" என்றார் தகரக்காரர்.

"ஆமா சார், அக்காவோடது" என்று தம்பி ஒத்து ஊதினான்.

மூக்கு தெருமுனை தாண்டும்வரை உறைக்காரி பொறுத்திருந்தாள். பிறகு எழுந்து, கொடியில் கிடந்த மிச்ச உறைகளை அள்ளி இரண்டு பேர் கையிலும் திணித்தாள்.

"மடிங்க. பேசிக்கிட்டே மடிங்க. இனிமே வாய்க்கு என்ன கேடு?"