பதினோராம் எண் ரத்தம்

பதினாறு வருடமாக இந்த ஆய்வகத்தில் என் கை பிசகியதில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு. அதனால், என்னைவிட இளையவரான டாக்டரம்மா கணினித் திரையைப் பார்த்துவிட்டு, பதினோராம் எண் ரத்தத்தின் சோதனை கெட்டுப்போயிருக்கிறது, நீங்கள்தான் எங்கோ சொதப்பியிருக்கிறீர்கள் என்றபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. திரையில் அந்த எண்ணையே திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

எங்கள் ஆராய்ச்சி முதல் வகைச் சர்க்கரை நோயைப் பற்றியது. வேலியே பயிரை மேய்கிற நோய் அது. உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடும். "போதும், விடுங்கப்பா" என்று அவற்றை அடக்கி வைக்கவும் ரத்தத்தில் சில அணுக்கள் உண்டு. அவற்றைப் பிரித்தெடுத்து, தாக்கத் துள்ளுகிற வெள்ளணுக்களோடு நாலு நாள் ஒரே தட்டில் விடுவோம். நல்ல ரத்தமென்றால் துள்ளல் அடங்கும். நோயாளியின் ரத்தத்தில் பல சமயம் அடங்காது. ஒப்பிட்டுப் பார்க்க நலமானவர் ஒருவரின் ரத்தமும் வேண்டும். அவர் வீட்டில் யாருக்கும் இந்த நோய் இருக்கக் கூடாது என்பது விதி.

பதினொன்று என் சின்னமகளின் ரத்தம்.

பெரியவள் ஆறு வயதிலிருந்து இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறாள். அன்று ரத்தம் கொடுக்க வேண்டிய ஆள் வரவில்லை என்பதெல்லாம் சாக்கு. சின்னவளாவது கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள் என்று என் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டேன். கணவரிடம்கூடச் சொல்லாமல் வீட்டிலேயே ரத்தம் எடுத்து, 'நலமானவர்' என்று சீட்டு ஒட்டினேன். பாழாய்ப்போன ஆசை.

உறையவைத்திருந்த மீதி அணுக்களை எடுத்துத் திரும்பப் போட்டேன். கடவுளே, என் கை பிசகியிருக்கட்டும் என்று நாலு நாளும் வேண்டினேன். ஐந்தாம் நாளும் அதே கதைதான். அடக்கும் அணுக்கள் எண்ணிக்கையில் குறையவில்லை. அடக்கத்தான் இல்லை.

டாக்டரம்மா பிழைப் பதிவேட்டை நீட்டினார். கைப்பிழை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் வேறு ஆள் ரத்தத்தை வைத்துக்கொள்ளலாம் என்றார். எழுதிவிட்டால் தப்பு என்னுடையது, பிள்ளை நலம். பாதி எழுதியும்விட்டேன். அப்புறம் அவளை யார் சோதிப்பது என்று தோன்றவும் பேனாவை வைத்தேன்.

"தப்பு என் கையில இல்ல மேடம். அது என் சின்னவ ரத்தம்."

அவர் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இந்தத் தட்ட வெச்சு எதையும் முடிவா சொல்ல முடியாதுக்கா. நாளைக்கே கூட்டிட்டு வாங்க. நோய் தொடங்கியிருந்தா ரத்தத்துல ஆன்டிபாடி இருக்கும், பாத்துடலாம்."

என் வேலை என்னவாகும் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பக்கத்து அறையில் சின்னவள் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக்கு முன் ஊசி போட உட்கார்ந்த பெரியவள் எல்லாவற்றையும் காதில் வாங்கியிருந்தாள்.

"அவளுக்குமாம்மா?"

"தெரியல கண்ணு."

ஊசியைப் போட்டு முடித்து, சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

"நீ சொல்லாத. நீ அழுது அவள பயமுறுத்திடுவ. நானே சொல்லிக்கிறேன்."