மஞ்சளை எடுத்தவன்

என் உடம்பில் கோளாறு இருப்பதை முதலில் கண்டுபிடித்தது டேரிலின் கேமராதான். அதைச் சரிசெய்ய அவன் இரண்டு மாதம் தலைகீழாக நின்றான். கேமராவைத்தான் சொல்கிறேன்.

டேரில் என் கணவன். கல்யாணப் படம் எடுப்பவன். ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் இரண்டாவது அறைதான் அவன் ஸ்டுடியோ. ஒரு ஸ்டூல், இரண்டு விளக்குகள், ஒரு மானிட்டர், லென்ஸ்களுக்குப் பூஞ்சை பிடிக்காமல் வைத்துக்கொள்ள ஓர் உலர் பெட்டி. இந்தப் பினாங்கு ஈரத்தில் பெண்டாட்டிக்குப் பூஞ்சை பிடித்தாலும் பரவாயில்லை, லென்ஸுக்குப் பிடிக்கக் கூடாது என்பது அவன் கொள்கை. நாங்கள் சர்ச் இளைஞர் குழுவில் பழகிக் கட்டிக்கொண்டவர்கள். இன்றைக்கும் வாடா போடாதான். என் மாமியாருக்கு அது ஆகவே ஆகாது.

ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் என்னை அந்த ஸ்டூலில் உட்கார வைப்பான். கையில் கிரே கார்டைக் கொடுப்பான். வெறும் சாம்பல் நிற அட்டை, அவ்வளவுதான். அதைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். படத்தில் அட்டை சரியான சாம்பலாகத் தெரிந்தால் மற்ற நிறங்களும் சரி என்று அர்த்தம். புது லென்ஸ் வந்தாலும் நான்தான், புது விளக்கு வந்தாலும் நான்தான். மற்றவர்களை அவரவர் புருஷன் கர்னி டிரைவ் கடற்கரைக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தான். எனக்கு அட்டை.

மார்ச் மாதத்தில் முகம் எடுப்பதற்கென்றே ஒரு பழைய லென்ஸை எங்கிருந்தோ தேடிப் பிடித்து வாங்கி வந்தான். வழக்கம்போல் உட்கார்ந்தேன். எடுத்ததை மானிட்டரில் போட்டுப் பார்த்தவன் நெற்றியைச் சுருக்கினான்.

"பெவ், மஞ்சளா இருக்க."

"கெழட்டு லென்ஸ் லா. கண்ணாடி மஞ்சளாயிருக்கும். திருப்பிக் கொடுத்துடு."

திருப்பிக் கொடுத்தான். தன்னுடைய பழைய லென்ஸை மாட்டி எடுத்தான். அப்போதும் மஞ்சள். அப்படியென்றால் மானிட்டர்தான் என்றான். அதற்கென்று ஒரு கருவி உண்டு, கணினி மவுஸ் அளவுதான் இருக்கும். திரைமேல் தொங்கவிட்டால் திரை சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறிமாறிக் காட்ட, அது ஒவ்வொன்றையும் அளந்து சொல்லும். நண்பன் கோகுலனிடம் அதை இரவல் வாங்கி வந்து அளந்தான். மானிட்டரில் ஒரு குறையும் இல்லை. நம்பாமல் கோகுலனின் மானிட்டரையே தூக்கி வந்து வைத்துப் பார்த்தான். அதிலும் நான் மஞ்சள்.

பிறகு சுவர்மேல் சந்தேகம். இளமஞ்சள் சுவர், வெளிச்சம் அதில் பட்டு என்மேல் விழுகிறதாம். பெரிய வெள்ளி முழுவதும் உட்கார்ந்து சுவருக்கு வெள்ளை அடித்தான். உயிர்ப்பு ஞாயிறன்று புதுப் புடவையில், பெயின்ட் நாற்றத்தில், அட்டையோடு நான்.

"அட்டை சரியாத்தானே தெரியுது? நீதானே சொல்லுவ, அட்டை சரின்னா எல்லாம் சரின்னு?"

"அட்டை பழசு, பெவ். வெளுத்துப் போயிருக்கும்."

புது அட்டை வாங்கினான். அதுவும் சரியான சாம்பலாகத்தான் விழுந்தது. பக்கத்திலேயே என் முகம் மட்டும் மஞ்சளாக. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே யோசித்திருப்பார்கள். டேரில் வேறு மாதிரி யோசித்தான்.

"அட்டை என்ன வேணா சொல்லட்டும். உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா? உன் கலரு எனக்குத் தெரியாதா?"

சொல்லும்போது என் தாடையைப் பிடித்து ஆட்டினான். எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. அன்றைக்கு அட்டையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, கல்யாணமான புதுசில் கேமரன் மலையில் எடுத்த என் படத்தை ஒரு பக்கம் திறந்து வைத்துக்கொண்டு, அந்த நிறம் வரும்வரைக்கும் இந்தப் படத்திலிருந்து மஞ்சளை எடுத்துக்கொண்டே இருந்தான். வந்தது. அந்தக் கணக்கை ஒரு ப்ரொஃபைலாகச் சேமித்தான். இனி எந்தப் படத்தைக் கணினியில் ஏற்றினாலும் அத்தனை மஞ்சள் தானாகவே போய்விடும். பரீட்சையில் தேறிய பையன்போல என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

மற்றவர்கள் கண்ணில் படவில்லையா என்று கேட்பீர்கள். நான் வேலை செய்வது புக்கிட் தெங்காவில், கணினிச் சில்லு செய்யும் தொழிற்சாலையில். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி. விடியும் முன்னே கம்பெனி பஸ், பொழுது சாய்ந்து திரும்பும் பஸ். வீட்டுக் குளியலறையில் குண்டு பல்பு. அதன் கீழே யார் நின்றாலும் மஞ்சள்தான். சர்ச்சில் பார்த்தவர்கள் இளைத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னார்கள். உடம்பெல்லாம் அரித்தது, சவர்க்காரத்தை மாற்றினேன். இளைத்தேன், கல்யாணத்துக்கு ரவிக்கை நன்றாகப் பொருந்துகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

கல்யாணம் சவுந்தரம் அக்காவின் மகள் சாண்ட்ராவுடையது. சவுந்தரம் அக்கா எங்கள் சர்ச்சில் பாடகர் குழு, வாய் கொஞ்சம் நீளம். டேரில் படம் எடுத்தான். வெளிச்சத்தைத் திருப்பிவிடும் வெள்ளைத் தட்டியைப் பிடித்தபடி அவன் கூடவே நான் நின்றேன். வீட்டுக்கு வந்து படங்களைப் போட்டபோது கொஞ்சம் நீலமாகத்தான் தெரிந்தது. மண்டபத்தில் நீல விளக்கு போட்டிருந்தார்கள், அதனால் என்றான். சந்தேகம் வரும்போதெல்லாம் நான் இருக்கும் படத்தைத் திறந்து பார்ப்பான். நான் சரியாக இருந்தேன். அடுத்த படத்துக்குப் போய்விடுவான்.

ஆல்பம் போய்ச் சேர்ந்த வாரம், சனிக்கிழமை காலையில் சவுந்தரம் அக்கா அதைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் மேசைமேல் போட்டார்.

"தம்பி, இது என்ன லா? என் பொண்ணு கல்யாணம்தானே எடுக்கச் சொன்னேன்? மூஞ்சியெல்லாம் நீலம் பூத்துக் கெடக்கு. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க பாத்துட்டு, என்ன பொணங்களா நிக்குதுன்னு கேக்குறாங்க!"

"மண்டபத்துல லைட்டு, அக்கா..."

"என்ன லைட்டு? அப்புறம் இது எப்படி?" அக்கா பக்கத்தைப் புரட்டி விரலை வைத்தார். குடும்பப் படம் ஒன்று. ஓரத்தில் தட்டியோடு நானும் விழுந்திருந்தேன். "உன் பொண்டாட்டி மட்டும் நல்லா சிவப்பா, லட்சணமா நிக்கிறா! அவளுக்கு மட்டும் தனி லைட்டா?"

டேரில் ஆல்பத்தைப் பார்த்தான். இருபது பேர் நீலம், ஒருத்தி மட்டும் சரி. தேநீர்த் தட்டோடு அடுக்களை வாசலில் நின்ற என்னைப் பார்த்தான். அவன் முகம் அப்படி மாறி நான் அதுவரை பார்த்ததில்லை. தட்டை வாங்கி எங்கோ வைத்தான். என் கையைப் பிடித்து வெளி வராந்தாவுக்கு, காலை வெயிலுக்கு இழுத்துப் போனான். கட்டை விரலால் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தான். பின்னாலேயே வந்த சவுந்தரம் அக்கா, "அந்தோணியாரே!" என்றார். அதற்குப் பிறகு ஆல்பத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை.

மருத்துவமனையில் எல்லாச் சோதனையும் முடிந்து டாக்டர் ராகினி எங்களை உட்கார வைத்தார். யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண், என் வயதுதான் இருக்கும். கணையத்தில் கட்டி. ஆபரேஷன் செய்ய முடியுமா என்று சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார்.

"மஞ்சள் எப்ப இருந்து, பெவர்லி?"

"ரெண்டு வாரம் இருக்கும், டாக்டர்." வேண்டுமென்றேதான் சொன்னேன். டேரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"இல்ல டாக்டர்," என்றான். "மார்ச்சுல இருந்து. நான்தான் எடுத்துட்டேன்."

"எதை எடுத்தீங்க?"

"மஞ்சளை."

டாக்டருக்குப் புரியவில்லை. அவன் விளக்கினான். லென்ஸ், மானிட்டர், சுவர், அட்டை என்று ஒன்று விடாமல் சொன்னான். கடைசியில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஈரலுக்குப் பரவிடுச்சு. ஆபரேஷன் இப்ப முடியாது. மார்ச்சுல வந்திருந்தா, அப்ப வேற பேச்சு பேசியிருக்கலாம்."

எனக்குக் கோபம் வந்தது. அதை நான் ஏன் மறைக்க வேண்டும்? காரில் அவனை அடித்தேன், தோளில், முதுகில், கை வலிக்கும்வரை. வாங்கிக்கொண்டான். பிறகு நான்தான் அழுதேன். என் முகத்தை இந்த உலகத்தில் அவனைப்போல் யாரும் பார்த்ததில்லை. அவ்வளவு பார்த்தவன் இதை எப்படிப் பார்க்காமல் போனான் என்ற வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

பித்தம் இறங்கக் குழாய் வைத்தார்கள். கொஞ்ச நாள் நிறம் தெளிந்தது. குழாய் அடைத்துக்கொண்டது, மஞ்சள் மறுபடி ஏறியது. இனி வேறு வைப்பதில் பயனில்லை என்றார் டாக்டர் ராகினி. டேரில் கேமராவைத் தொடுவதையே விட்டுவிட்டான்.

போன ஞாயிறு, பூசைக்குப் போக முடியாமல் படுத்திருந்தேன். அவனைக் கூப்பிட்டேன்.

"சவப்பெட்டி மேல வைக்க ஒரு படம் வேணும்டா. எடு."

"கேமரன் படம் இருக்கே, பெவ்."

"அதுல குண்டா இருக்கேன். இப்ப எடு. அந்த ப்ரொஃபைல போடு."

அவன் வாய் கோணியது. "அதை அழிச்சிட்டேன்."

"மறுபடி செய். ஊரையே பொணமாக் காட்டின ப்ரொஃபைல், என்னை மட்டும்தான் உயிரோட காட்டுச்சு. அது எனக்கு வேணும்."

தூக்கிக்கொண்டு போய் ஸ்டூலில் உட்கார வைத்தான். நான் சரியாமல் இருக்க முதுகை வெள்ளைச் சுவரில் சாய்த்து, இடுப்புக்குத் தலையணை கொடுத்தான். பழக்கத்தில் அட்டையை நீட்டினான். திருப்பித் தந்தேன்.

"அட்டை வேணாம். என் கலரு உனக்குத் தெரியும்தானே?"

எடுத்தான். மானிட்டரை நானும் பார்க்கும்படி திருப்பி வைத்தான். திரையில் ஒரு மஞ்சள் பெண் இருந்தாள். டேரில் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளை எடுத்தான். கேமரன் படத்தைத் திறக்கவில்லை. என் முகம் தெளிந்துகொண்டே வந்தது. நான் வந்தேன்.

"போதும்," என்றேன்.

எனக்குப் பின்னால், அவன் பெரிய வெள்ளி முழுக்க உட்கார்ந்து வெள்ளையடித்த சுவர், திரையில் நீலமாக இருந்தது. அதை அவன் சரிசெய்யவில்லை.